திருப்புகழ் ஏடும் அதைக் காத்த கைகளும்

சுவடி படிக்கக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் எழுத்தைக் காட்டுவதில்லை. கட்டை அவிழ்க்கச் சொல்வேன். பல வீடுகளில் சுவடிக் கட்டின் கயிற்றை இரண்டு மூன்று தலைமுறையாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அவசரப்பட்டு இழுத்தால் ஓலையின் துளை கிழியும். துளை கிழிந்த ஏடு அடுத்த முறை அதே இடத்தில் இரண்டாக முறியும். வெள்ளைத் துணி விரித்து, கட்டை அதன்மேல் கிடத்தி, முடிச்சை நகத்தால் தளர்த்த வேண்டும். முடிச்சு இறுகிப்போயிருந்தால் கயிற்றை வெட்டிவிடலாம். கயிறு கடையில் கிடைக்கும், ஓலை கிடைக்காது. எது மேல்சட்டம், எது கீழ்சட்டம் என்று குறித்துக்கொண்டு, ஏடுகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். ஏட்டின் எண் இடது ஓரத்தில், முன்பக்கத்தில் மட்டும், தமிழ் எண்ணில் இருக்கும். வரிசை மாறியிருந்தாலும் உடனே சரிசெய்யக் கூடாது. இருந்தபடியே படம் எடுத்த பிறகுதான் அடுக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் ஏன் அப்படி வைத்தார் என்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம்.

இந்தப் பொறுமை வராதவருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. எனக்கு இதைக் கற்றுத்தந்த ஐயா அப்படித்தான் செய்தார். அவர் பட்டம் வாங்கியவர் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் பிறந்து, ஓலையில் அரிச்சுவடி படித்த கடைசித் தலைமுறை ஆள். திருவண்ணாமலை மாட வீதியில் ஒரு சிறிய வீட்டுத் திண்ணைதான் எங்கள் பள்ளிக்கூடம். போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற கட்டுகளை அங்கே வைத்துத்தான் பார்ப்போம்.

அவர் கையில் ஒரு மடக்கெழுத்தாணி இருக்கும். வலது கை எழுத்தாணியை ஏந்தி நிற்கும், பாதி வேலையை இடது கை செய்யும். இடது கட்டைவிரல் நகத்தில் சிறிய பள்ளம் வெட்டி, எழுத்தாணியின் கூரை அதில் தாங்கி, ஓலையை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார். அழுத்தம் கூடினால் கூர் மறுபக்கம் பொத்துக்கொள்ளும். குறைந்தால் கீறலில் மை பிடிக்காது. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுவதால், நாரோடு நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும். அதனால் கை தானாகவே வளைந்து வளைந்து எழுதும். மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று எழுதினவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, எழுத்தாணியைப் பிடித்து உணர்வது வேறு. ஆகவே என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் சொந்தக் கையால் ஓர் ஏடாவது எழுதிவிட்டுத்தான் பழைய ஏட்டைத் தொட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஓலைக்கும் எங்கேயும் போக வேண்டாம். நம் ஏரிக்கரைகளில் நிற்கிற பனை போதும். குருத்தும் வேண்டாம், முற்றிய ஓலையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுப்பருவத்து ஓலையை வெட்டி, ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்தி, மஞ்சள் போட்ட நீரில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து, ஒரே அளவில் நறுக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட வேண்டும். இதற்கு ஓலையைப் பாடம் செய்தல் என்று பெயர். பாடம் சரியாகச் செய்த ஓலை வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். பாடம் தப்பிய ஓலை சில ஆண்டுகளிலேயே அப்பளம் போல நொறுங்கும். தாளிப்பனை ஓலை இதைவிட அகலம், மென்மை. கையில் எடுத்ததும் எது எந்த ஓலை என்று விரல் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பழக்கம் தவிர வேறு வழி இல்லை.

எவ்வளவு நன்றாகப் பாடம் செய்தாலும், நம் வெயிலுக்கும் மழைக்கும் பூச்சிக்கும் தப்பிச் சில நூற்றாண்டுகளைத் தாண்டுகிற பனையோலை அபூர்வம். நம் ஊர்ப் புலவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர். பிரபுடதேவ மாராயர் என்று ஒரு பாடலில் அவர் குறிப்பிடுகிற மன்னனை, 1422 முதல் 1446 வரை ஆண்ட விசயநகரத்து இரண்டாம் தேவராயர் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பெரிய கோயிலுக்குள் போனால் அவருக்காக முருகன் தூணில் காட்சி தந்ததாகச் சொல்லும் கம்பத்திளையனார் சன்னதி இருக்கிறது, அவர் கிளியுருக் கொண்ட கதையைச் சொல்லும் கிளிக்கோபுரம் இருக்கிறது. ஆனால் அவர் கைப்பட எழுதிய ஓர் ஏடும் நம்மிடம் இல்லை. இன்று எங்கே எந்தத் திருப்புகழ் ஏட்டை எடுத்தாலும் அது படியைப் பார்த்து எடுத்த படி. யாரோ ஒருவர் தம் ஏடு நைந்துபோகிறதே என்று கவலைப்பட்டு, புதிய ஓலை வாங்கி, உட்கார்ந்து எழுதியதால் வந்தது.

இத்தாலியில் பெத்ரார்க்கா என்ற புலவரின் பாட்டுச் சுவடி, ஒரு பகுதி அவர் கையாலும் ஒரு பகுதி அவருடைய எழுத்தர் கையாலும் எழுதியபடியே இன்றும் இருக்கிறது. அவர் 1374-இல் மறைந்தார். அந்தச் சுவடி 1544-இல் பியெத்ரோ பெம்போ என்ற அறிஞரின் கைக்கு வந்தது, பிறகு ஃபுல்வியோ ஒர்சினி என்பவரிடம் போனது. 1600-இல் அவர் இறந்தபோது எழுதிவைத்த உயிலால் வத்திக்கான் நூலகத்துக்குச் சேர்ந்தது. தோலில் எழுதியது, குளிர்நாடு, ஆகவே ஒரே பொருள் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. நம்மிடம் பொருள் நிலைப்பதில்லை, பாட்டுத்தான் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி வந்திருக்கிறது. இங்கே சுவடிக்கு உடையவர் என்றால் பூட்டிவைத்தவர் மட்டும் அல்லர், படியெடுத்தவரும் படியெடுக்க இடம் கொடுத்தவரும்தான். என் அனுபவத்தில் நான் கண்ட உண்மை இதுதான், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

திருப்புகழ் அச்சுக்கு வந்த விதமும் இதைத்தான் சொல்கிறது. 1871-ஆம் ஆண்டு வாக்கில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தில்லை தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாடலைக் காட்டினார்கள். அங்கே ஊழியராக இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அந்தப் பாட்டின் அழகில் மனத்தைக் கொடுத்தார். அன்றிலிருந்து வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ஏடு தேடுவதுதான் அவருக்கு வேலை. பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆன பிறகும் தேடலை விடவில்லை. ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் மடத்திலும் கேட்டு, இருந்ததைப் படியெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முதல் பகுதியை 1890-களின் நடுவிலும் இரண்டாம் பகுதியைப் புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சிட்டார். அவர் மகன் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளை அந்த வேலையைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டு 1971-இல் கண்மூடும்வரை செய்தார். அருணகிரியார் பாடியவை பதினாறாயிரம் என்பது வழக்கு. இன்று நம் கையில் இருப்பவை 1,300-ஐ ஒட்டியவை. அவையும் இந்தத் தகப்பனும் பிள்ளையும், அவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட வீட்டுக்காரர்களும் இல்லாவிட்டால் இல்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன். பழைய ஏட்டில் புள்ளி இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை, ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை, அடி பிரிப்பதில்லை. கயிற்றுத் துளை வந்தால் சுற்றி இடம் விட்டு, அந்தப் பக்கம் தொடர்ந்து எழுதிக்கொண்டே போவார்கள். ககரம், ரகரம், மகரம் என்று மூன்று உரு ஏட்டில் இருந்தால் அது கரம் ஆகலாம், காம ஆகலாம், காம் ஆகலாம், கரம என்றே நிற்கலாம். புதிதாக வருகிறவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள். அகராதி இங்கே உதவாது, எல்லாமே சொல்தான்.

திருப்புகழில் இதற்கு ஒரு விளக்கு உண்டு. அது சந்தம். தன என்ற இடத்தில் இரண்டும் குறில். தான என்ற இடத்தில் நெடிலும் குறிலும். தத்த என்றால் வல்லின ஒற்று வர வேண்டும், தந்த என்றால் மெல்லின ஒற்று, தய்ய என்றால் இடையின ஒற்று. அந்த மூன்று உருவும் தான என்ற இடத்தில் விழுந்தால் காம, தனன என்ற இடத்தில் விழுந்தால் கரம. கொம்பு போட்ட பகரமும் றகரமும் தன என்ற இடத்தில் பெற, தான என்ற இடத்தில் பேற. ஆகவே ஐயா எங்களை ஏட்டைக் கண்ணால் படிக்க விடமாட்டார். தொடையில் தாளம் போட்டு, முதலில் சந்தக் குழிப்பைச் சொல்லி, பிறகு பாட்டைச் சொல்லி, எங்கே இடறுகிறதோ அங்கே நிறுத்தச் சொல்வார். இடறுகிற இடத்தில்தான் ஏட்டில் ஏதோ இருக்கிறது.

எழுதினவர் தவறும் அப்படியே பிடிபடும். திருப்புகழ்ப் பாடல்கள் பெரும்பாலானவற்றில் ஒரே சந்தம் மும்முறை மடங்கி வந்து, ஒரு தொங்கலோடு அடி முடியும். ஒன்றுபோல ஒலிக்கிற துண்டுகள் அடுத்தடுத்து வருவதால், எழுதுகிறவர் ஓலையிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்ப வைக்கும்போது ஒரு மடக்கைத் தாண்டி அடுத்ததில் வைத்துவிடுவார். பொருள் ஒட்டினாற்போலவே இருக்கும், படிப்பவருக்குத் தெரியாது. தாளம் போட்டால் தெரிந்துவிடும். இரண்டு மடக்கு வந்து நேரே தொங்கலுக்குப் போய்விட்டால், ஒரு மடக்கு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

என்னோடு படித்த ஒருவர் நல்ல கவிஞர், சந்தத்தில் கெட்டிக்காரர். இப்படி ஒரு மடக்கு விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்தச் சந்தத்துக்குப் பொருத்தமாகத் தாமே ஒரு துண்டு எழுதி நிரப்பிக் காட்டினார். கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஐயா கோபப்படவில்லை. அந்தத் துண்டை அழிக்கச் சொல்லி, அந்த இடத்தில் புள்ளிகள் இடச் சொன்னார். "தம்பி, சந்தம் ஓட்டை இருக்கிற இடத்தைத்தான் காட்டும். அடைக்கிற சொல்லைத் தராது. அது இன்னொருத்தர் வீட்டு ஏட்டில்தான் இருக்கும். போய்த் தேடு" என்றார். இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய விதி நான் கேட்டதில்லை. தெரிந்ததை எழுது, தெரியாத இடத்தைத் தெரியாதது என்று காட்டிவிடு. நிரப்பிவிட்டால் பின்னால் வருகிறவர் தேடமாட்டார். சந்தத்துக்காகச் சொல்லை மாற்றிய கெட்டிக்காரர்கள் பழங்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் ஓர் ஏட்டில் சந்தம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை நம்பிவிடக் கூடாது, இரண்டாவது ஏட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொருத்தர் வீட்டு ஏடு என்று சொன்னேன் அல்லவா? நம் மாவட்டத்துப் பாட்டு எங்கெங்கேயோ பிழைத்திருக்கிறது. மலைபடுகடாம் செங்கத்து நன்னனைப் பாடியது. பத்துப்பாட்டில் ஒன்றாக அதை உ. வே. சாமிநாதையர் 1889-இல் அச்சிட்டபோது, பல ஊர்களிலும் மடங்களிலும் தேடித் திரட்டிய ஏடுகளை வைத்தே செய்ய வேண்டியிருந்தது. அதே பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டின் பூப்பெயர்களில் சில விழுந்துபோயிருந்தன. தருமபுரம் மடத்தில் ஒற்றை ஏடுகளைப் புரட்டித் தேடியபோதுதான் அவை அவருக்குக் கிடைத்தன. ஆகவே கட்டில் சேராத தனி ஏடு, பாதி முறிந்த ஏடு, வேறு நூலின் நடுவே செருகியிருக்கும் ஏடு எதையும் ஒதுக்காதீர்கள். தனி உறையில் போட்டு, எந்தக் கட்டோடு வந்தது என்று எழுதி வையுங்கள்.

நூலைப் போலவே உடையவரையும் ஏடே சொல்லும். முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் நிதானமாகப் படியுங்கள். எந்த வருடம், எந்த மாதம், என்ன கிழமை, என்ன நட்சத்திரத்தில் எழுதி முடிந்தது, யார் எழுதினார், யாருக்காக எழுதினார், ஏடு யாருடையது என்று அங்கே இருக்கும். அறுபது ஆண்டுச் சுற்றில் வருடப் பெயர் திரும்பத் திரும்ப வருவதால், பெயரை மட்டும் வைத்துக் காலம் சொல்லக் கூடாது. கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து இருந்தால் கணக்குப் போட்டு எந்தச் சுற்று என்று நெருங்கலாம். முதலில் எழுதிய பெயருக்குக் கீழே வேறு கையில் வேறு பெயர் இருந்தால் ஏடு கைமாறியிருக்கிறது. வெற்று ஏட்டில் நெல் கடன் கணக்கும், கஷாயத்துக்குச் சரக்கு அளவும் இருந்தால் அது வேளாளர் வீட்டிலோ வைத்தியர் வீட்டிலோ இருந்திருக்கிறது. பாட்டுக்குச் சம்பந்தமில்லை என்று அதைப் படியெடுக்காமல் விடாதீர்கள். அந்தப் பாட்டு எந்த வழியாக நம்மிடம் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டியம்மா வீட்டில் இருந்த கட்டைப் பார்க்கப் போனேன். பூசையறையில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மந்திரச் சுவடி என்றுதான் குடும்பத்தில் நினைத்திருந்தார்கள். "இது வூட்ட வுட்டு வெளிய போவாதுங்க ஐயா. வேணும்னா நீங்க வந்து குந்திப் பாத்துக்குங்க" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தை மென்தூரிகையால் விலக்கி, ஏடு ஏடாகப் படம் எடுத்தேன். உள்ளே மந்திரமும் இருந்தது, நடுவில் சில திருப்புகழ்ப் பாடல்களும் இருந்தன. ஒரு பாட்டைத் தாளத்தோடு படித்துக் காட்டினேன். அவர் மாமனார் அதைப் பாடக் கேட்டிருப்பதாகச் சொன்னார், அடுத்த வரியைத் தாமே சொன்னார். கட்டைப் புதுத்துணியில் சுற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். சந்தனத்தைத் துணியின்மேல் வைக்கச் சொன்னேன், அப்படியே செய்கிறார். ஏட்டை வாங்கிக்கொண்டு வருவதுதான் வெற்றி என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். படி நமக்கு வந்துவிட்டது. மூலம் அதைக் கும்பிடுகிற கையில் இருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

பக்தியே ஏட்டை அழித்ததும் உண்டு. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளைத் தேடிப் போன சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். படியெடுத்துவிட்டு நைந்ததை நீரில் விடுவது முன்னோர் வழக்கமாக இருந்திருக்கலாம். படியெடுப்பது நின்று, விடுவது மட்டும் நின்றுபோகாமல் தொடர்ந்ததுதான் நமக்கு வந்த நட்டம்.

பேணுகிற முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூசியை மென்தூரிகையால் ஒரே திசையில் தள்ளுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள். மெல்ல ஈரக்காற்றுப் பட வைத்து, வழவழப்பான மூங்கில் சிம்பை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்தினால் பிரியும். பிரியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எழுத்து தெரியவில்லை என்றவுடன் மை பூசாதீர்கள். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கைப் பிடித்தால் கீறல் நிழல் விழுந்து எழுத்து தெரியும். மை பூசித்தான் ஆக வேண்டும் என்றால் விளக்குக் கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில் குழைத்துத் தடவி, பஞ்சால் துடைத்துவிட வேண்டும். கீறலில் மட்டும் கருப்பு நிற்கும். அந்த எண்ணெய் ஓலையை இளக்கும், பூச்சியையும் விலக்கும். தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவக் கூடாது. முறிந்த ஏட்டில் ஒட்டுநாடா ஒட்டக் கூடாது, அதை எடுக்கும்போது எழுத்தும் சேர்ந்து வரும். வெயிலில் காயவைத்தால் ஓலை நெளியும். பருத்தித் துணியில் சுற்றி, உள்ளே வசம்புப் பொட்டலம் வைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். மனிதர் கை படுகிற ஏட்டில் இராமபாணப் பூச்சி தங்காது.

கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: தமிழ் எண்கள், பழைய எழுத்து, சந்தம் மூன்றையும் வாயில் வரும்படி பழகிக்கொண்டு வாருங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது, வேலைக்கு முடிவும் இருக்காது. வீட்டில் கட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். யாரோ கேட்டார்கள் என்று ரசீது இல்லாமல் ஏட்டைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தால் வைத்துக்கொண்டு, படம் எடுக்க மட்டும் இடம் கொடுங்கள். வைத்துக்கொள்ள வழியில்லை என்றால் 1869-லிருந்து இருந்துவரும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ, உ. வே. சா. நூலகமோ, தஞ்சை சரசுவதி மகாலோ இருக்கின்றன. எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள், உங்கள் குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் பதிவில் எழுதச் சொல்லுங்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள். விழுந்துபோன அந்த மடக்கு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம்.